ஒரு வினை, பல செயப்படுபொருள்கள்: கூட்டுச் சீட்டாட்டத்தில் தாக்குதலும் பதிலடியும்

"நீ யாரு பக்கம்?" என்று தோழர் கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். மேசையைச் சுற்றி நாங்கள் நான்கு பேர். நால்வரும் ஒரே பக்கம். எதிர்ப்பக்கத்தில் ஆள் கிடையாது, அட்டைகள் மட்டும்தான். அவர் ஓர் அட்டையைப் போட்டு, எதிரே நின்ற வில்லனுக்கும் மூன்று அடியாட்களுக்கும் ஒரே வீச்சில் சேதம் கொடுத்திருந்தார். அடியாட்கள் மூவருக்கும் 'பதிலடி' உண்டு. மூவரில் ஒருவரும் சாகவில்லை. அப்படியானால் உங்களுக்கு மூன்று அடி விழவேண்டுமே என்று நான் சொல்லிவிட்டேன். "நான் தாக்கினது ஒரு தடவ. அப்புறம் எதுக்கு மூணு அடி?" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கிவந்து, "சரி, மூணுன்னே வை. ஒரே நேரத்துல வர்றதுதானே, மொத்தமா வாங்கிக்கிறேன்" என்றார். மொத்தமாக வாங்கினால் அவர் பிழைப்பார், தனித்தனியாக வாங்கினால் சாவார். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். நான் தனித்தனியாகத்தான் என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

சீட்டாட்டம் என்றால் நம் காதில் ரம்மியும் மங்காத்தாவும்தான் விழும். குடி, கடன், போலீஸ் ரெய்டு, அதைச் சுற்றி ஒரு ஒழுக்கவாதச் சொல்லாடல். நான் பேசுவது அதையல்ல. 2019இல் அமெரிக்காவின் ஃபேண்டஸி ஃப்ளைட் கேம்ஸ் வெளியிட்ட 'மார்வெல் சாம்பியன்ஸ்' என்ற ஆட்டத்தைப் பற்றி. மைக்கேல் போக்ஸ், நேட் ஃபிரெஞ்ச், கேலப் கிரேஸ் மூவரும் வடிவமைத்தது. ஒருவரிலிருந்து நால்வர்வரை ஆடலாம். ஆடுபவர்கள் ஒருவருக்கொருவர் எதிரிகள் அல்லர். ஸ்பைடர்மேன், ஷீ-ஹல்க், பிளாக் பாந்தர் என்று ஆளுக்கொரு நாயகரை எடுத்துக்கொண்டு, சேர்ந்து ஒரு வில்லனை வீழ்த்த வேண்டும். வில்லனை யாரும் ஆடுவதில்லை. அவனுக்கென்று ஒரு சீட்டுக்கட்டு இருக்கிறது. அதைப் புரட்டினால் என்ன வருகிறதோ அதுவே அவன் செயல். மூலதனமும் காமிக்ஸ் புராணமும் கைகோத்துச் செய்த பண்டம் இது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த விமர்சனத்தை எழுதப் பலர் இருக்கிறார்கள். எனக்குச் சுவாரஸ்யமாகப் பட்டது, அதன் விதிப்புத்தகம் ஒரு பிரதியாக எப்படி வேலை செய்கிறது என்பது. குறிப்பாக, பலரை ஒருசேரத் தாக்கும்போது பகையின் எதிர்வினையை அது எப்படி எண்ணுகிறது, அதை யார் கணக்கில் எழுதுகிறது என்பது.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் 'ரிட்டாலியேட்' என்று அட்டையில் அச்சடித்திருக்கும், பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அதைத்தான் பதிலடி என்கிறேன். பதிலடி 1 என்றால், இந்தப் பாத்திரம் தாக்கப்பட்ட பிறகு, தாக்கியவருக்கு 1 சேதம். அயர்ன் மேனின் பரம விரோதியாக அடிப்படைப் பெட்டியிலேயே வரும் விப்லாஷுக்கு இது உண்டு. பகைக்கு மட்டும்தான் என்றில்லை. பிளாக் பாந்தருக்கும் உண்டு, அவரைத் தாக்குகிற வில்லனுக்கும் 1 சேதம் திரும்பும். விதி இவ்வளவுதான். ஆனால் அதற்குள்ளே நுணுக்கங்கள் சில ஒளிந்திருக்கின்றன.

ஒன்று: அடி வாங்கிய பகை அந்த அடியிலேயே செத்துப்போனால் பதிலடி இல்லை. செத்தவன் எப்படித் திருப்பி அடிப்பான்? இரண்டு: அடி உறைக்க வேண்டும் என்ற அவசியமில்லை. 'டஃப்' என்றொரு நிலை அட்டை இருக்கிறது. அது யார்மேல் இருக்கிறதோ அவருக்கு அடுத்து வரும் சேதம், அது எவ்வளவு பெரிதானாலும், முழுக்க ரத்தாகும். பிறகு அட்டை போய்விடும். டஃப் உள்ள பகையைத் தாக்கினால் அதற்கு ஒரு கீறலும் விழாது. ஆனாலும் அது 'தாக்கப்பட்டது'. ஆகவே திருப்பி அடிக்கும். பகை காயத்துக்குப் பதில் சொல்லவில்லை, தாக்குதல் என்ற செயலுக்கே பதில் சொல்கிறது. மூன்று: பதிலடியால் வரும் சேதம் தாக்குதல் அல்ல. அதனால் விப்லாஷின் பதிலடிக்கு பிளாக் பாந்தரின் பதிலடி கிளம்பாது. பழிக்குப் பழி, அந்தப் பழிக்குப் பழி என்று முடிவில்லாமல் ஓடும் சங்கிலியை விதி இந்த ஒரு வரையறையால் அறுத்துவிடுகிறது. நான்கு: 'தொலைவிலிருந்து' என்ற அடைமொழி பெற்ற தாக்குதலுக்குப் பதிலடி கிடையாது. அம்பு எய்கிறவனை எட்டிப்பிடித்து அறைய முடியாதே.

மூன்றாவதுதான் முக்கியம். சேதம் வேறு, தாக்குதல் வேறு. சில அட்டைகளில் செயல் விவரத்துக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் 'தாக்குதல்' என்று ஒரு சொல் இருக்கும். வேறு சிலவற்றில் அந்தச் சொல் இருக்காது, 'ஒரு பகைக்கு இவ்வளவு சேதம் கொடு' என்று மட்டும் இருக்கும். பார்த்தால் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. பகையின் உயிர்க்கணக்கு குறைகிறது, அவ்வளவுதான். ஆனால் விதியின் கண்ணுக்கு முன்னது மட்டுமே தாக்குதல். அதற்கு மட்டுமே பதிலடி வரும். நீங்கள் 'ஸ்டன்' ஆகியிருந்தால் அது மட்டுமே பலிக்காமல் போகும். வில்லனுக்கு முன்னால் 'காவல்' அடியாள் நின்றால் அது மட்டுமே வில்லனை எட்டாது. அடைப்புக்குறிக்குள் பெயர் இல்லாத சேதமோ இவை எல்லாவற்றையும் கடந்து போய் விழும். பகைக்கு வலி உண்டு, எதிர்வினைக்கு உரிமை இல்லை. ஏனென்றால் யாரும் அதைத் 'தாக்கவில்லை'.

சொல் செயலை விவரிக்காமல், சொல்லே செயலாகிவிடும் இடங்களை ஜே. எல். ஆஸ்டின் பேசியிருக்கிறார். அவர் இறந்தபின் 1962இல் நூலாக வந்த விரிவுரைகளில், வாக்குக் கொடுப்பதும் கப்பலுக்குப் பெயர் வைப்பதும் உதாரணங்கள். இங்கே அச்சடித்த ஒரு சொல், நடந்த அடியைத் தாக்குதலாக ஆக்குகிறது. அது இல்லாவிட்டால் அடி இருக்கிறது, அடித்தவர் இல்லை. இது விளையாட்டுப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியுமா? சேதம் உண்டு, ஆனால் அது தாக்குதலன்று என்ற இதே பிரிப்பை ராணுவங்கள் நெடுங்காலமாகச் செய்துவருகின்றன. குண்டு விழுந்து குடியிருந்தவர்கள் செத்தால் 'பக்கவாட்டுச் சேதம்' என்பார்கள். 1999இல் யூகோஸ்லாவியா மீது நேட்டோ குண்டு வீசியபோது புழங்கிய இந்தச் சொல்லின் ஜெர்மன் வடிவத்தைத்தான், அங்குள்ள மொழியறிஞர் குழு அந்த ஆண்டின் அவச்சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. தாக்கப்பட்டவர் என்ற பெயர் கிடைக்காத வரையில் பதில் கேட்கும் இடமும் கிடைக்காது. ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் இதை யோசித்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது வேலை செய்யும் ஓர் ஏற்பாடு. ஆனால் பிரதி தன்னை எழுதியவரைவிட அதிகம் பேசும். அது நாம் அறிந்ததுதான்.

இனி எங்கள் சண்டைக்கு வருகிறேன். தோழரின் அட்டையில் 'தாக்குதல்' என்ற சொல் இருந்தது. ஒவ்வொரு பகைக்கும் சேதம் என்றும் இருந்தது. ஆகத் தாக்குதல் ஒன்று, தாக்கப்பட்டோர் நால்வர். தாக்கப்பட்ட பிறகு என்பதுதான் பதிலடியின் நிபந்தனை. நிபந்தனை தாக்கியவர் பக்கம் நின்று எண்ணப்படுகிறதா, தாக்கப்பட்டவர் பக்கம் நின்றா?

தமிழ் படித்தவனுக்கு இங்கே இலக்கணம் கை கொடுக்கும். 'நால்வரையும் அடித்தான்.' வினைமுற்று ஒன்று, செயப்படுபொருள் நான்கு. முற்றும்மை அந்த நால்வரையும் ஒரு மூட்டையாகக் கட்டி வினையிடம் ஒப்படைக்கிறது. இந்த வாக்கியத்தின் தலைமை எழுவாய், அதாவது அடித்தவன். அவனிடம் கேட்டால் 'ஒரு தடவதான் அடிச்சேன்' என்பான், பொய்யும் அல்ல. ஆனால் வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையாகத் திருப்பிப் பாருங்கள். 'அவனும் அடிக்கப்பட்டான், இவளும் அடிக்கப்பட்டாள்…' நான்கு எழுவாய்கள் வந்துவிடுகின்றன. நான்கு பேருக்கும் தனித்தனி முதுகு, தனித்தனி வலி. பதிலடி விதி செயப்பாட்டுவினையில் எழுதப்பட்ட விதி. 'நீ தாக்கினால்' என்று அது ஆரம்பிக்கவில்லை, 'இது தாக்கப்பட்ட பிறகு' என்றுதான் ஆரம்பிக்கிறது. ஆகவே பிழைத்து நிற்கும் ஒவ்வொரு பகையும் தன் கணக்கைத் தானே தொடங்குகிறது. மூவர் என்றால் மூன்று பதிலடி. ஊர்ப் பந்தியில் 'தலைக்கு ரெண்டு இட்லி' என்றால் யாரும் மொத்தமே இரண்டு என்று எடுத்துக்கொள்வதில்லை. அந்த 'தலைக்கு' என்பதுதான் அட்டையில் இருந்த 'ஒவ்வொரு'. சேதம் கொடுக்கும்போது தலைக்கு என்று படித்துவிட்டு, வாங்கும்போது மொத்தத்துக்கு என்று படிப்பது நியாயமில்லை.

சரி, மூன்று. மூன்றும் சேர்ந்து ஒன்றாக வருமா, தனித்தனியாகவா? தோழரின் நாயகருக்கு உயிர்ப்புள்ளி 2 மிச்சம், மேலே ஒரு டஃப் அட்டை. மூன்று சேதம் ஒரே அடியாக வந்தால் டஃப் முழுவதையும் விழுங்கிவிடும், அவருக்கு ஒன்றுமில்லை. தனித்தனியாக ஒன்று ஒன்றாக வந்தால் டஃப் முதல் அடியோடு போய்விடும். மிச்சம் இரண்டும் உடம்பில் விழும், ஆட்டத்திலிருந்து வெளியே. ஒரே நேரத்தில் கிளம்பும் விளைவுகளை எந்த வரிசையில் தீர்ப்பது என்பதை முதல் ஆட்டக்காரர் முடிவுசெய்யலாம் என்கிறது விதி. வரிசை என்று ஒன்று இருப்பதாலேயே அவை வெவ்வேறு என்றாகிறது. மூலம் மூன்று, சேதம் மூன்று.

இதில் எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வந்ததை ஒளிக்கவேண்டியதில்லை. ஆநிரை கவர்தல் வெட்சி. கவர்ந்ததை மீட்கப் பின்தொடர்வது கரந்தை. ஆனால் தொல்காப்பியர் புறத்திணை ஏழுதான் என்கிறார். அங்கே கரந்தை தனித்திணை இல்லை, வெட்சிக்குள் அடங்குகிறது. மதில் காக்கும் நொச்சியும் உழிஞைக்குள்ளேயே இருக்கிறது. பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை பன்னிரண்டாக விரித்து, மீட்பவனுக்கும் காப்பவனுக்கும் தனிப்பூ, தனிப்பெயர் கொடுத்தது. எதிர்வினை, வினையின் ஒரு பகுதியா? அல்லது தனக்கென்று பெயரும் எழுவாயும் உள்ள வேறொரு வினையா? நம் இலக்கணகாரர்களே இரண்டு கட்சியாக இருந்திருக்கிறார்கள். மார்வெல் சாம்பியன்ஸ் வெண்பாமாலைக் கட்சி. தோழர் தொல்காப்பியக் கட்சி. அவரிடம் இதைச் சொன்னபோது அவர் சொன்ன பதிலை இங்கே அச்சடிக்க முடியாது.

*

விதி இப்படி இருப்பதால் ஆட்டத்தில் என்ன மாறுகிறது? பலரை ஒருசேரத் தாக்கும் அட்டை கைக்கு வந்ததும் எல்லோருக்கும் ஒரு குஷி பிறக்கும். எதிரே கூட்டம், நம் கையில் பெருவீச்சு. ஆனால் பதிலடி உள்ள கூட்டத்தில் அது ஆரம்பத்தில் போடும் அட்டை அல்ல. கணக்குப் போடுங்கள். ஆளுக்கு 4 உயிர்ப்புள்ளி உள்ள மூன்று பகைகள், மூன்றுக்கும் பதிலடி 1. வீச்சு, ஆளுக்கு 2 சேதம். மொத்தம் 6 சேதம் கொடுத்துவிட்டோம் என்று தோன்றும். ஒருவரும் சாகவில்லை, மூன்று அடி திரும்பி வந்தது, மூவரும் அடுத்த சுற்றில் வழக்கம்போல் தாக்குவார்கள். அதே மூவரும் முன்னமே அடிபட்டு ஆளுக்கு 2 புள்ளியில் நின்றிருந்தால்? அதே அட்டை, அதே வீச்சு. மூவரும் காலி, பதிலடி பூஜ்யம். பெருவீச்சின் வெற்றி அதன் அகலத்தில் இல்லை, அதற்கு முன்னால் பொறுமையாக நடந்த சின்னச்சின்ன வேலைகளில் இருக்கிறது. அந்த வேலைகளைச் செய்தவர்கள் வேறு வேறு ஆட்கள், பெயர் வாங்கிப்போவது கடைசியில் வீசியவர்.

அல்ட்ரான் என்ற வில்லனோடு ஆடும்போது இது கண்கூடு. அவனுடைய அடியாட்கள் ட்ரோன்கள். அவை வேறெங்கிருந்தும் வருவதில்லை. நம் சொந்தச் சீட்டுக்கட்டின் மேல் அட்டையே கவிழ்த்து வைக்கப்பட்டு ட்ரோனாகிறது. நம்முடைய ஆயுதம், நம்முடைய கூட்டாளி, எதுவென்று பார்க்கவும் முடியாது, முகம் கவிழ்ந்து எதிரியாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளிதான் உயிர். பெருவீச்சுக்கு இதைவிட நல்ல களம் கிடையாது. ட்ரோன்களுக்குப் பதிலடியும் இல்லை. ஆனால் ட்ரோன்களை எல்லாம் பலப்படுத்தும் அட்டை ஒன்று வந்து, உயிர்ப்புள்ளி ஒன்று கூடிவிட்டால், அத்தனை ட்ரோன்களும் வீச்சுக்குப் பிறகும் அப்படியே நிற்கும். பலரைத் தாக்குவதன் அபாயமே இதுதான். ஒருவரைத் தாக்கித் தப்புக்கணக்கு ஆனால் தப்பு ஒன்று. பலரைத் தாக்கினால் அதே தப்பு எத்தனை தலையோ அத்தனையாகப் பெருகும்.

கூட்டாளி அட்டைகளைப் பற்றியும் சொல்லவேண்டும், எனக்குள் உறுத்துவது அது. நாயகருக்குப் பதில் ஒரு கூட்டாளியை அனுப்பித் தாக்கச் சொல்லலாம். அப்போது பதிலடி அந்தக் கூட்டாளிக்குத்தான், நாயகருக்கு அல்ல. போதாக்குறைக்கு, கூட்டாளிகள் ஒவ்வொரு முறை தாக்கும்போதும் உழைப்பின் தேய்மானமாகக் கொஞ்சம் சேதம் வாங்குவார்கள். எனவே நல்ல ஆட்டக்காரர் என்ன செய்வார்? ஒரே புள்ளியில் இழுத்துக்கொண்டிருக்கும் கூட்டாளியைப் பதிலடி உள்ள பகைமேல் ஏவுவார். எப்படியும் சாகப்போகிறவர்தானே, பதிலடி வந்தால் என்ன? ஆட்டத்தின் கணக்கு இதைக் கெட்டிக்காரத்தனம் என்கிறது. நானும் செய்திருக்கிறேன், கூசாமல் செய்திருக்கிறேன். 'கூட்டு' ஆட்டம் என்ற பெயருக்குள்ளே நாயகர்கள் என்றும், செலவழிக்கத் தக்கவர்கள் என்றும் இரண்டு சாதி இருப்பதை அப்போது பார்க்கவில்லை, இதை எழுதும்போதுதான் பார்க்கிறேன்.

*

அதே நிறுவனம் 2016இல் வெளியிட்ட 'ஆர்க்கம் ஹாரர்' சீட்டாட்டத்திலும் 'ரிட்டாலியேட்' என்ற இதே சொல் வருகிறது. அதன் வடிவமைப்பாளர்கள் இருவரில் ஒருவர் இதே நேட் ஃபிரெஞ்ச். சொல் அதே, பொருள் வேறு. அங்கே பகை, தாக்கப்பட்டதற்காகத் திருப்பி அடிப்பதில்லை. தாக்குதல் தவறினால்தான் அடிக்கிறது. நீங்கள் தாக்கும்போது பையிலிருந்து ஒரு வில்லையை எடுத்துத் திறன் சோதனை செய்கிறீர்கள். தோற்றால், பதிலடி உள்ள, அயராமல் நிற்கிற பகை உடனே உங்களைத் தாக்கும். பையில் எப்படிப்பட்டவரையும் தோற்கடிக்கும் வில்லை ஒன்று எப்போதும் கிடக்கும். முதல் காட்சியிலேயே வந்து நிற்கும் பிணந்தின்னிப் பூசாரியைத் தாக்கித் தவறினால், உடம்புக்கு 2 சேதம், மனதுக்கு 2 திகில். மார்வெலில் துணிச்சலுக்கு விலை, ஆர்க்கமில் கைதவறலுக்கு விலை. ஹெச். பி. லவ்கிராஃப்டின் கதையுலகிலிருந்து வந்த ஆட்டம் அது. அந்த மனிதரின் இனவெறி தெரிந்ததுதான், 1927இல் வந்த 'ரெட் ஹுக்கின் திகில்' ஒன்றே போதும். ஆனால் ஆட்டத்தின் அடிப்படைப் பெட்டியில் ஒரு கூட்டரசுப் புலனாய்வு அதிகாரியோடு, ஒரு நூலகர், ஒரு ஹோட்டல் பணிப்பெண், சிறை சென்று வந்த ஒருவர், தெருவில் வளரும் ஒரு சிறுமி ஆகியோர்தான் நாயகர்கள். சூப்பர் ஹீரோ எவரும் இல்லை. இவர்களுக்குக் கைதவறும்.

அங்கே இன்னொரு விதி இருக்கிறது. உங்கள் தோழரோடு மல்லுக்கட்டி நிற்கும் பகையை நீங்கள் உதவிக்குப் போய்த் தாக்கலாம். தவறிவிட்டால் நீங்கள் கொடுக்கவிருந்த சேதம் தோழருக்குப் போகும். அந்தப் பகைக்குப் பதிலடியும் இருந்தால் அது உங்களைத் தாக்கும். உங்கள் குண்டு தோழருக்கு, அதன் நகம் உங்களுக்கு. உதவி என்பது இருவரும் சேர்ந்து ஏற்கும் ஆபத்து என்பதை இவ்வளவு கறாராக எழுதிய விதியை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

பலரைத் தாக்குவது அங்கே எப்படி? வெடிவைப்பு என்றொரு அட்டை, விலை 5. நீங்கள் நிற்கும் இடத்தையோ அடுத்த இடத்தையோ தேர்ந்தெடுத்து, அங்குள்ள ஒவ்வொரு பகைக்கும், ஒவ்வொரு துப்பறிவாளருக்கும் 3 சேதம். நம்மாட்களும் அதில் அடக்கம். சோதனை எதுவும் கிடையாது, எனவே தவறுவதும் கிடையாது, பதிலடியும் கிளம்பாது. அப்பாடா என்று நினைத்தால், வேறு வாசல் வழியாக வருகிறது எதிர்வினை. பகையோடு கட்டிப் புரண்டுகொண்டிருக்கும்போது சண்டையிடுதல், நழுவுதல் போன்ற சில செயல்களைத் தவிர வேறு எதைச் செய்தாலும், உங்களோடு மல்லுக்கு நிற்கும் ஒவ்வொரு பகையும் உங்களை ஒரு முறை தாக்கிக்கொள்ளும். வெடிவைப்பு அட்டை, சண்டை என்ற முத்திரை பெறாத அட்டை. திரியைக் கிள்ளிக்கொண்டிருக்கும்போதே விழும் அடி அது. செயலின் விலையைக் கட்டிய பிறகு, செயலின் பலன் வருவதற்கு முன்னால், நடுவில். பார்த்தீர்களா, இங்கே எதிர்வினை வினையின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. தொல்காப்பியக் கட்சி! வெடி வெடித்தால் சாகப்போகிற பகைகூட அதற்கு முன்னால் தன் அடியை அடித்துவிடும். மார்வெலில் செத்தவருக்குப் பதிலடி இல்லை. ஆர்க்கமில் சாகப்போகிறவருக்கும் ஓர் அடி பாக்கி இருக்கிறது.

இதையெல்லாம் போராட்டத்துக்கு உவமையாக்கிவிடலாம். சுலபம். பெருவீச்சு, பதிலடி, தியாகம் என்று ஒரு கட்டுரையை அரைமணியில் எழுதலாம், கைதட்டும் கிடைக்கும். எனக்கு அதில் விருப்பமில்லை. சீட்டாட்டத்தில் பதிலடிக்கு ஓர் எண் இருக்கிறது, அது முன்கூட்டியே அச்சடித்திருக்கிறது. லத்திக்கும் வழக்குக்கும் அப்படி எண் கிடையாது. எதிராளி தன் பதிலடியை நாம் வாசித்துக்கொள்ளும்படி நெற்றியில் எழுதிக்கொண்டு வருகிற உலகம் அது. நம் உலகம் அதுவல்ல.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. இந்த ஆட்டங்களில் பகைக்குக் கை இல்லை. விப்லாஷ் திருப்பி அடிப்பதில்லை. அடிபட்ட நாமே, நம் கையாலேயே, நம் உயிர்ப்புள்ளியைக் குறைக்கும் வில்லையை நகர்த்துகிறோம். நாம் மறந்துவிட்டால் பதிலடி நடக்காது. விப்லாஷ் ஞாபகப்படுத்தாது. பரபரப்பான ஒரு சுற்றில், பெருவீச்சின் குஷியில், பதிலடியை மறந்துபோவது சர்வசாதாரணம். மறதிகூட வேண்டாம், கொஞ்சம் மௌனம் போதும். நால்வரும் பார்த்துவிட்டு நால்வரும் பேசாமல் இருந்தால், ஜெயித்துவிடலாம். இருவர் எதிரெதிரே ஆடும் ஆட்டத்தில் இந்தச் சிக்கல் இல்லை. எதிராளி தன் உரிமையைத் தானே கேட்டு வாங்குவார். இங்கே இல்லாத ஒருவரின் உரிமையை, அதுவும் நமக்கு எதிராக, நம்மில் ஒருவர் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. சொல்கிறவர் அந்தக் கணத்தில் மேசையின் மறுபக்கத்துக்குப் போய்விட்டவராகத் தெரிகிறார். 'நீ யாரு பக்கம்?' என்ற கேள்விக்குப் பொருள் இதுதான். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தோழர் ஒருவர் சாகும் நிலையில் இருக்கும்போது விதிப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவனை எனக்கும் பிடிக்காது. சரியாகச் சொல்வதில் ஒரு குரூரம் உண்டு. சரியாகச் சொல்வதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எம்.ஏ. படித்த புத்தி.

ஆனால் அன்று நாங்கள் அந்த மூன்று அடியை விழுங்கியிருந்தால், அதற்குப் பிறகு மேசையில் பகை என்று எதுவும் இருந்திருக்காது. நால்வர் உட்கார்ந்து அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்திருப்போம்.

விதிப்புத்தகத்தைத் தோழரே வாங்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு டஃப் அட்டையை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். இரண்டு வில்லைகளை நகர்த்தினார். அவருடைய நாயகர் போனார். அவருக்கு முன்னால் நின்ற விப்லாஷ் வரிசைப்படி என் முன்னால் வந்து நின்றது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. டீ போட்டு எடுத்துவந்தார், வில்லனின் சீட்டுக்கட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த சுற்றுகளில் அட்டைகளைப் புரட்டி வாசித்தது அவர்தான். என் முறை வந்தது. விப்லாஷைத் தாக்கினேன். சாகவில்லை. நான் அடுத்த அட்டையைத் தேடிக்கொண்டிருந்தபோது டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அது இன்னும் நிக்குது பாருப்பா. ஒண்ணு கொறச்சுக்கோ" என்றார்.